தோற்ற பிறகு 45 நாள்: தேர்தல் வழக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீலாக இருக்கிறேன். தேர்தல் முடிவு வந்த மறுவாரமே யாராவது ஒருவர் ஜவுளிக்கடைப் பை நிறையக் காகிதங்களோடு வந்து உட்கார்ந்துவிடுவார். கடலூர்க்காரர் வருவார், பாண்டியிலிருந்தும் வருவார். கட்சி மாறும், பை மாறும், கேள்வி மட்டும் மாறாது. எங்கள் மாவட்டத்தில் '87 ஓட்டு' என்று சொன்னால் போதும், எந்தத் தொகுதி என்று டீக்கடையில்கூடச் சொல்வார்கள். 2016இல் காட்டுமன்னார்கோவிலில் தொல். திருமாவளவன் தோற்றது அந்த 87 வாக்கில்தான். முடிவை எதிர்த்துத் தேர்தல் வழக்குப் போட, முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள்தான் கெடு. அப்படிப்பட்ட நெருக்கமான முடிவு வரும்போது எழும் கேள்விகளுக்கு, நேரில் சொல்கிற மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

எண்ணிக்கை மையத்திலேயே தகராறு சார். அன்றைக்கே ஹைகோர்ட்டில் ரிட் (அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) போட்டு நிறுத்த முடியாதா?

முடியாது. இதற்கு வழிகாட்டித் தீர்ப்பே நம் பக்கத்து ஊர் வழக்குதான். 1951 கடைசியில், அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனு தள்ளுபடியானது. அவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் ரிட் போட்டார், நிற்கவில்லை. உச்சநீதிமன்றம் போனார். 1952 ஜனவரியில் வந்த தீர்ப்பு இன்றுவரை அசையவில்லை. அரசியலமைப்பின் 329-ஆம் பிரிவில் வரும் 'தேர்தல்' என்ற சொல் ஓட்டுப்போடும் ஒரு நாளை மட்டும் குறிப்பதில்லை. அறிவிக்கையிலிருந்து முடிவு அறிவிப்பது வரை முழுவதும் தேர்தல்தான். நடுவில் எந்தக் குறை நடந்தாலும், எல்லாம் முடிந்த பிறகு தேர்தல் மனு என்ற ஒரே வாசல் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

மனு தள்ளுபடியான ஆளுக்கு இது கொடுமைதான். தேர்தலே முடிந்த பிறகு வந்து கேள் என்கிறது சட்டம். ஆனால் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தடை உத்தரவு வாங்க வழிவிட்டால் எந்தத் தேர்தலும் குறித்த நாளில் நடக்காது. அந்தப் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது.

நான் வேட்பாளர் இல்லை, வெறும் ஓட்டர். நான் போடலாமா?

தாராளமாகப் போடலாம். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு வேட்பாளருக்கும் அந்தத் தொகுதியின் வாக்காளருக்கும் சம உரிமை கொடுக்கிறது. நீங்கள் அன்று ஓட்டுப்போடப் போகாமல் வீட்டிலேயே இருந்திருந்தாலும் பரவாயில்லை, பட்டியலில் பெயர் இருந்தால் போதும். தேனியில் 2019இல் வென்ற ப. ரவீந்திரநாத்தின் தேர்தலை எதிர்த்து வழக்குப் போட்டவர் ஒரு வாக்காளர்தான். அந்த வழக்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம் கோர்ட்டிலேயே போடலாமா? பாண்டிக்கு எந்தக் கோர்ட்?

எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல் என்றால் உயர்நீதிமன்றம் மட்டுமே. 1966 வரை தேர்தல் தீர்ப்பாயங்கள் இருந்தன. அந்த ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு நேராக உயர்நீதிமன்றம், வழக்கமாகத் தனி நீதிபதி முன்பு. கடலூர் மாவட்டத்தின் ஒன்பது தொகுதிக்கும் சென்னை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குத் தனி உயர்நீதிமன்றம் கிடையாது, அதற்கும் சென்னைதான். கேரளத்துக்குள் இருக்கும் மாஹேயும் ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமும் இதில் அடக்கம். ஏனாம்காரர் தெலுங்குக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு பாரிமுனை வர வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் பஞ்சாயத்துத் தலைவர், கவுன்சிலர் தேர்தல் என்றால் வேறு சட்டம், மாவட்ட நீதிபதியிடம் போக வேண்டும். அதற்குத்தான் மஞ்சக்குப்பம். (புதுச்சேரியில் அந்தக் கேள்வியே அபூர்வம். 38 ஆண்டு கழித்து 2006இல் ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்ததோடு சரி.)

45 நாள் என்கிறார்களே, இரண்டு நாள் தாமதமானால் மன்னிக்க மாட்டார்களா?

மாட்டார்கள். மற்ற வழக்குகளில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போட்டுச் சமாளிப்போமே, அது இங்கே செல்லாது. காலவரையறைச் சட்டத்தின் அந்தப் பிரிவு தேர்தல் வழக்குக்குப் பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் 1974லேயே சொல்லிவிட்டது. 2021 மே 2-ஆம் தேதி முடிவு வந்தது என்றால், ஜூன் 16 கடைசி நாள். கடைசி நாள் கோர்ட் விடுமுறையாக இருந்தால் மட்டும் அடுத்த வேலைநாள் கிடைக்கும்.

ஒருமுறை 43-ஆம் நாள் மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருவர் வந்தார். அதுவரை கட்சி மேலிடம் சொல்லும் என்று காத்திருந்தாராம். இரவெல்லாம் டைப் அடித்தோம். எதிர்மனுதாரர் எத்தனை பேரோ அத்தனை நகல் வேண்டும். ஒவ்வொரு நகலையும் 'உண்மை நகல்' என்று மனுதாரரே சான்றளித்துத் தன் கையெழுத்தைப் போட வேண்டும். ஒன்பது எதிர்மனுதாரர்கள். இணைப்புகளையும் சேர்த்து ஒரு கட்டு செங்கல் உயரம். அவர் போட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு பேனா தீர்ந்தது. நள்ளிரவுக்கு மேல் கையெழுத்து அவருடைய கையெழுத்து மாதிரியே இல்லை.

"வக்கீல் சார், நீங்களே போய்க் கொடுத்துடுங்க, எனக்கு ஊர்ல ஒரு காதுகுத்து" என்றார். அதுவும் முடியாது. மனுவை மனுதாரரே நேரில் தாக்கல் செய்ய வேண்டும், வக்கீல் மட்டும் போய்க் கொடுத்தால் செல்லாது என்று 2009இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விடியற்காலை பஸ்ஸில் கிளம்பி, திண்டிவனம் வரை அவர் தூங்கவே இல்லை. தாக்கல் செய்யும் இடத்தில் ஒரு நகலில் ஒரு பக்கம் கையெழுத்தில்லாமல் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். நின்றபடியே போட்டார். அந்த ஒரு பக்கம் அங்கே சிக்காமல் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் சிக்கியிருந்தால் முதல் ஆட்சேபணையே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

யாரையெல்லாம் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும்?

வென்றவரின் தேர்தல் செல்லாது என்று மட்டும் கேட்டால் அவர் ஒருவர் போதும். 'அவர் செல்லாது, நான் வென்றதாக அறிவியுங்கள்' என்றும் கேட்டால் போட்டியிட்ட எல்லாரையும் சேர்க்க வேண்டும். பலாப்பழம், பானை, பம்பரம் என்று சின்னம் வாங்கிய சுயேச்சைகள் அத்தனை பேரும் வர வேண்டும். ஒரு வேட்பாளர் மேல் ஊழல் நடவடிக்கை (ஓட்டுக்குப் பணம் கொடுப்பது போன்ற, தேர்தல் சட்டம் தடுக்கும் செயல்கள்) என்று குற்றம் சாட்டினால், அவர் வேட்புமனு போட்டுவிட்டு வாபஸ் வாங்கியவராக இருந்தாலும் சேர்த்தாக வேண்டும். விட்டால் 86-ஆம் பிரிவின்படி மனு அப்படியே தள்ளுபடி, திருத்த வாய்ப்புக் கிடையாது. 2,000 ரூபாய் பிணைத்தொகை கட்டாமல் விட்டாலும் அதே கதிதான். இவ்வளவு பெரிய வழக்குக்கு 2,000 ரூபாயா என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

தேர்தல் நடத்தும் அலுவலரையும் தேர்தல் ஆணையத்தையும் சேர்க்கக் கூடாது. நமக்குக் கோபமெல்லாம் அவர்கள் மேல்தான் இருக்கும், ஆனாலும் கூடாது. நோட்டாவைச் சேர்க்க வேண்டுமா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார்.

எந்தக் காரணங்களுக்காகத் தேர்தல் ரத்தாகும்?

100-ஆம் பிரிவு இரண்டு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை நிரூபித்தாலே போதும், கதை முடிந்தது: வென்றவருக்குத் தகுதியே இல்லை, அல்லது அவரோ அவருடைய தேர்தல் ஏஜென்ட்டோ ஊழல் நடவடிக்கையில் இறங்கினார், அல்லது யாரோ ஒருவருடைய வேட்புமனு தவறாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. இந்தக் கடைசிக் காரணம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 200 ஓட்டுகூட வாங்கியிருக்க மாட்டார் என்று நாம் நினைக்கிற சுயேச்சையின் மனு தவறாகத் தள்ளப்பட்டிருந்தால், லட்சம் ஓட்டில் வென்றவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டாம் வகையில் குறையை நிரூபித்தால் மட்டும் போதாது, அந்தக் குறையால் முடிவே மாறியிருக்கும் என்றும் காட்ட வேண்டும். தவறாக எண்ணிய ஓட்டு, செல்லாத ஓட்டைச் சேர்த்தது, விதிமீறல் எல்லாம் இதில் வரும். இங்கேதான் கணக்கு வருகிறது. வித்தியாசம் 87 என்றால், செல்லாத 60 ஓட்டைச் சேர்த்த தப்பை ஆதாரத்தோடு காட்டினாலும் அது மட்டும் பயன்படாது. வித்தியாசத்தைத் தாண்டுகிற எண்ணிக்கை உங்கள் கையில் இருக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்: எத்தனை ஓட்டு வித்தியாசம், எத்தனை ஓட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள்? பாதிப் பேர் அங்கேயே எழுந்து போய்விடுவார்கள்.

மறு எண்ணிக்கை கேட்டால் கோர்ட் உத்தரவிடுமா?

சந்தேகம், வதந்தி, 'அந்த ரவுண்டில் கரண்ட் போச்சு' என்பதற்கெல்லாம் உத்தரவிடாது. ஓட்டின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது நீதிமன்றத்தின் முதல் கவலை. எந்த மேசை, எந்தச் சுற்று, எந்த வாக்குச்சாவடி, எத்தனை ஓட்டு என்று மனுவிலேயே சொல்லியிருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்து அதிலிருந்து வழக்கை உருவாக்குகிறேன் என்றால் விடமாட்டார்கள்.

அப்படிச் சொல்லி ஜெயித்த உதாரணம் ராதாபுரம். 2016இல் மு. அப்பாவு 49 ஓட்டில் இன்பதுரையிடம் தோற்றார். 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியிருந்தார்கள். சான்றொப்பம் போட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதுதான் கேள்வி. கவனியுங்கள்: வித்தியாசம் 49, தகராறு 203. கணக்கு ஒத்துவருகிறது. அதோடு 19, 20, 21-ஆம் சுற்றுகள் என்று குறிப்பாகச் சொல்லியிருந்தார். 2019 அக்டோபரில் உயர்நீதிமன்ற வளாகத்திலேயே மறு எண்ணிக்கை நடந்தது.

அப்புறம்? முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை போட்டது. தடை நீங்கும் முன்பே 2021 வந்து சட்டசபையின் காலமே முடிந்தது. அந்த ஐந்தாண்டுக்கும் ராதாபுரம் எம்.எல்.ஏ. இன்பதுரைதான். தேர்தல் வழக்கின் பலவீனம் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒன்றை மட்டும்தான் சொல்வது.

பணம் கொடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அது போதாதா?

எல்லாரும் செல்போனை நீட்டுவது இந்தக் கேள்விக்குத்தான். மூன்று தடை தாண்ட வேண்டும்.

ஒன்று, வீடியோவை யார் எடுத்தது, எந்தக் கருவியில் என்ற சான்றிதழ். பார்வர்டு ஆகி வந்த வீடியோவுக்கு யார் சான்று கொடுப்பது? மின்னணு ஆதாரம் பற்றி நாட்டில் பேசப்படும் இரண்டு பெரிய தீர்ப்புகளுமே தேர்தல் வழக்கில் பிறந்தவை. 2014 தீர்ப்பு கேரளத்தில் வந்த வழக்கு. 2020 தீர்ப்பு மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதியில் வந்தது. அதில் தகராறு, வேட்புமனு பிற்பகல் 3 மணிக்குள் வந்ததா பிறகு வந்ததா என்பது. தேர்தல் அலுவலரின் அறையில் ஓடிய வீடியோவே பதில் சொன்னது. இப்போது 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டம் வந்துவிட்டது, சான்றிதழ் மட்டும் போகவில்லை.

இரண்டு, கொடுத்தவர் யார். தெருவில் பணம் கொடுத்த வட்டச் செயலாளருக்கும் வேட்பாளருக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டிக் காட்ட வேண்டும். வேட்பாளரோ தேர்தல் ஏஜென்ட்டோ செய்தார், அல்லது அவர்கள் சம்மதத்தோடு நடந்தது என்று. கட்சிக்காரர் என்பது மட்டும் சம்மதத்துக்குச் சாட்சி ஆகாது.

மூன்று, நிரூபணத்தின் அளவு. ஊழல் நடவடிக்கையைக் கிரிமினல் குற்றம் மாதிரிதான் பார்ப்பார்கள், ஏனென்றால் நிரூபணமானால் ஆறு ஆண்டு வரை தகுதி நீக்கம் வரலாம். வாங்கினவர் கூண்டேறி 'நான் வாங்கினேன்' என்று சொல்வாரா? இதுவரை என்னிடம் வீடியோ காட்டியவர்களில் அந்த ஆளைக் கூட்டிவந்தவர் ஒருவரும் இல்லை.

2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் பணத்தால் ரத்தானதே என்பார்கள். அது வாக்குப்பதிவுக்கு முன்பே, ஆணையத்தின் பரிந்துரையில் குடியரசுத் தலைவர் ரத்து செய்தது. கோர்ட் விஷயம் அல்ல.

தேர்தல் அறிக்கையில் இலவசம் அறிவித்தால் அது லஞ்சம் இல்லையா?

இல்லை. தமிழ்நாட்டின் இலவச கலர் டிவியை எதிர்த்துப் போன வழக்கில் 2013இல் உச்சநீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. கட்சியின் வாக்குறுதி வேறு, வேட்பாளரின் ஊழல் நடவடிக்கை வேறு.

பிரமாணப் பத்திரத்தில் சொத்தை மறைத்தால்?

இப்போது வலுவாக நிற்கும் காரணம் இதுதான். தேனி வழக்கில் சொத்து விவரங்களை மறைத்தார் என்று 2023 ஜூலையில் உயர்நீதிமன்றம் ரவீந்திரநாத்தின் தேர்தலை ரத்து செய்தது. குற்ற வழக்கை மறைப்பது ஊழல் நடவடிக்கையாகும் என்ற 2015 தீர்ப்பும் நம் மாநிலத்திலிருந்து போனதுதான், கோவை மாவட்டத்தில் ஒரு பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல். அதற்காக வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கைக்கடிகாரத்தையும் எழுதவில்லை என்று மனு போடாதீர்கள். முக்கியமான சொத்து, வாழ்க்கை முறையையே காட்டுகிற சொத்து என்றால்தான் குறை என்று 2024 ஏப்ரலில் ஒரு தீர்ப்பு தெளிவாக்கியது.

வழக்கு எப்படி நடக்கும்? எவ்வளவு நாள் ஆகும்?

சட்டம் சொல்வது: முடிந்தவரை தினமும் விசாரணை, ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும். 'முயல' என்ற சொல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2011இல் கொளத்தூரில் மு.க. ஸ்டாலினிடம் தோற்ற சைதை துரைசாமி போட்ட வழக்கை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2017இல். இடையில் இன்னொரு சட்டமன்றத் தேர்தலே வந்துபோய்விட்டது.

எங்கே நேரம் போகிறது? முதல் ஓராண்டு பெரும்பாலும் 'இந்த மனுவை ஆரம்பத்திலேயே நிராகரியுங்கள்' என்ற எதிர்த்தரப்பு மனுவில் போகும். அது உச்சநீதிமன்றம் வரை ஏறி இறங்கும். பிறகு எழுவினாக்கள் (கோர்ட் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்), சாட்சி, குறுக்கு விசாரணை. உயர்நீதிமன்றத்தில் நடவடிக்கை ஆங்கிலத்தில் என்பதால் தமிழ்க் காகிதம் எல்லாம் மொழிபெயர்க்க வேண்டும். பிரச்சார மேடையில் பேசிய ஒரு வசவை ஆங்கிலமாக்கும்போது அதில் இருந்த விஷம் பாதி இறங்கிவிடும்.

'எனக்கே வெற்றி என்று அறிவியுங்கள்' என்று கேட்டிருந்தால் வென்றவர் சும்மா இருக்க மாட்டார். 'நீ வென்றிருந்தால் உன் தேர்தலும் செல்லாது' என்று எதிர்க் குற்றச்சாட்டு வைக்க அவருக்கு 97-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதனால்தான் தன் செலவுக் கணக்கு சுத்தமில்லாதவர்களிடம் அந்தப் பரிகாரத்தைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிடுவேன்.

இன்னொன்று: எந்தச் சாட்சியையும் யாருக்கு ஓட்டுப்போட்டாய் என்று கேட்க முடியாது.

வழக்கு நடக்கும்போது அவர் எம்.எல்.ஏ.தானே?

முழு எம்.எல்.ஏ.தான். சம்பளம், ஓட்டு எல்லாம் உண்டு. பின்னால் தேர்தல் ரத்தானாலும் அதுவரை சபையில் அவர் செய்தது செல்லும்.

ஆனால் நிலுவையில் இருக்கும் வழக்கு ஓர் இடைத்தேர்தலையே நிறுத்திவைக்கும். திருப்பரங்குன்றத்தில் 2016 நவம்பரில் வென்ற ஏ.கே. போஸ் 2018 ஆகஸ்டில் இறந்தார். தோற்ற பா. சரவணனின் வழக்கு நிலுவையில் இருந்தது, தன்னை வெற்றியாளராக அறிவிக்கவும் கேட்டிருந்தார். அதனால் ஆணையம் இடைத்தேர்தல் அறிவிக்கவில்லை. மருத்துவமனையில் இருந்த ஜெயலலிதாவின் கைரேகை வேட்பாளர் அங்கீகாரப் படிவத்தில் இருந்ததுதான் வழக்கின் மையம். 2019 மார்ச்சில் போஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மே மாதம் இடைத்தேர்தல் நடந்து அதே சரவணன் வென்றார்.

நடுவில் சமாதானமாகிப் போனால்? மனுதாரர் இறந்துபோனால்?

நினைத்தபடி வாபஸ் வாங்க முடியாது, நீதிமன்ற அனுமதி வேண்டும். மனுதாரர் இறந்தால் அறிவிப்பு வெளியிட்டு, தகுதியுள்ள வேறொருவர் தொடர வழி உண்டு. தேர்தல் வழக்கு இரண்டு பேரின் சொந்தச் சண்டை இல்லை, தொகுதியின் வழக்கு என்பதால் இந்த ஏற்பாடு.

வழக்கில் நாம் ஜெயித்துவிட்டால் அவருடைய பதவி உடனே போய்விடுமா?

30 நாளுக்குள் உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதுவரை உயர்நீதிமன்றமே தீர்ப்பை நிறுத்திவைப்பது வழக்கம். தேனி வழக்கில் 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தடை கொடுத்தது, ரவீந்திரநாத் பதவியில் தொடர்ந்தார்.

ஓட்டு மெஷின் எத்தனை நாள் இருக்கும்?

அதே 45 நாள். அதற்குள் வழக்கு வராவிட்டால் இயந்திரம் அடுத்த வேலைக்குப் போய்விடும். சிசிடிவி பதிவுக்கும் ஆணையம் 2025இல் அதே கெடுதான் வைத்தது. 2024 ஏப்ரல் தீர்ப்புக்குப் பிறகு இன்னொரு வழியும் உண்டு: இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் முடிவு வந்த ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், பணம் கட்டி, சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்கலாம். எனக்குத் தெரிந்து ஏழாம் நாளுக்குள் யாரும் அழுது முடிப்பதில்லை.

சரி சார், அடுத்த தேர்தலுக்கு எங்கள் ஏஜென்ட்டுகள் என்ன செய்ய வேண்டும்?

வாக்குப்பதிவு முடிந்ததும் பூத் ஏஜென்ட் கையில் தலைமை அலுவலர் 17சி படிவத்தின் நகல் தருவார். அந்தச் சாவடியில் பதிவான மொத்த ஓட்டு அதில் இருக்கும். பலர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, சட்டையோடு துவைத்துவிடுகிறார்கள். அன்றிரவே எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள்.

எண்ணிக்கை நாளில், தேவனாம்பட்டினம் கல்லூரியாக இருந்தாலும் லாஸ்பேட்டையாக இருந்தாலும், மேசையில் இருப்பவர் 17சி எண்ணையும் இயந்திரம் காட்டும் எண்ணையும் ஒப்பிட்டுக் குறிக்கட்டும். சந்தேகம் வந்தால் கத்தாதீர்கள், எழுதிக் கொடுங்கள். மொத்த எண்ணிக்கை வாசித்த பிறகு, வெற்றியை அறிவிக்கும் முன் ஒரு சின்ன இடைவெளி உண்டு. மறு எண்ணிக்கை கேட்டு 63-ஆம் விதியின்படி எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டியது அப்போதுதான். தேர்தல் அலுவலர் மறுத்தால் காரணத்தை எழுதியாக வேண்டும். வெளியே வெடிச் சத்தம் கேட்கும், நம் ஆட்கள் சோர்ந்து கிளம்பியிருப்பார்கள். தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு ஒருவராவது உள்ளே நிற்கட்டும்.